நடுமுற்றம் தேடிப் போன அஞ்சு நாள்

முதலாம் நாள், களுவாஞ்சிகுடி

நாளைக்கு விடியக் கொழும்புக்குப் போறன். எங்கட ஊரில கொழும்புக்குப் போறதெண்டா ஒண்டு பெரியாஸ்பத்திரி, அல்லாட்டி விசா, அல்லாட்டி எயார்போட்டுக்கு ஆள் ஏத்த. நான் போறது வீடு பாக்க. வாங்குறதுக்கு இல்ல, வாடகைக்கும் இல்ல, உள்ளுக்க போய் நிண்டு பாத்துட்டு வாறதுக்கு. அம்மாக்கு இதை விளங்கப்படுத்தவே ரெண்டு கிழமை எடுத்திச்சி.

விசயம் என்னெண்டா எங்கட வீட்டை என்ன செய்யிற எண்டு இந்த மாசத்துக்குள்ள முடிவெடுக்கணும். மட்டக்களப்புப் பக்கத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, இங்க வீடு பொம்பளப் புள்ளைக்குத்தான், கலியாணம் முடிச்சி மாப்பிள்ளதான் பொம்பள வீட்டுக்கு வாறது. இந்த வீடு பெத்தாக்கு (அம்மாட அம்மா) அவட அப்பா கட்டிக் குடுத்தது, பெத்தா அம்மாக்குக் குடுத்தா, இப்ப அம்மா எனக்கு எழுதப்போறா. மூணு தலமுறையா ஒரு பொம்பளக்கிட்ட இருந்து மத்தப் பொம்பளக்கு வாற வீடு.

நாற்சார் வீடு. நாலு பக்கமும் அறை, அறைக்கு முன்னால சுத்திவர விறாந்தை, நடுவில வானம் பாத்த முற்றம், முற்றத்தைச் சுத்தி பன்னெண்டு முதிரை மரத் தூண். முன்கதவு பறங்கித் தச்சர் ஒருத்தர் செஞ்சது எண்டு பெத்தா சொல்லுவா. மட்டக்களப்பு டவுனில பறங்கி ஆக்கள் (போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழி வந்தவங்க) மரவேலைக்குப் பேர்போன ஆக்கள், அந்தக் கதவில கையை வச்சிப் பாத்தா தெரியும், இத்தனை மழைக்குப் பிறகும் ஒரு பலகை கோணல, தாள்ப்பாள் ஒரு விரலால தள்ளக் காணும்.

ஆனா இப்ப அந்த வீட்டுக்குள்ள பகல் பன்னெண்டு மணிக்கும் லைட் போடணும். 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளில ஓடு பாதிக்கு மேல பறந்திட்டு, தென்ன எல்லாம் முறிஞ்சி விழுந்திட்டு, அந்த நேரம் கிடைச்ச தகரத்தை எல்லாம் கூரைக்குப் போட்டாங்க, முற்றத்துக்கும் மேலால போட்டு மூடிட்டாங்க. கொஞ்ச நாளைக்கு எண்டு போட்ட தகரம்தான், பிறகு கழட்ட ஒருத்தருக்கும் மனசு வரல, மறுகா பிரச்சினை, இடம்பெயர்வு, சுனாமி எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்தா ஆருக்கு முற்றம் ஞாபகம் வரும். நான் பிறந்ததில இருந்து எங்கட நடுமுற்றத்தில வெயில் விழுந்து கண்டதே இல்ல.

மாமா (அம்மாட அண்ணன்) சொல்லுறார் தூண் எல்லாத்தையும் கழட்டிட்டு பிளேட் (கொங்கிரீட் தட்டு) அடிச்சி, மாடி எடுத்து, கீழ மேல டைல்ஸ் போடுவம் எண்டு. அவர் தங்கச்சி நனையக்கூடாது, வயசு போன காலத்தில ஒழுக்குக்கு வாளி வச்சிக்கொண்டு திரியக்கூடாது எண்டுதான் சொல்லுறார், அதில பிழை சொல்ல ஏலாது. அம்மாக்கும் பயம், முற்றத்தைத் திறந்தா மாரிக்குத் தண்ணி நிண்டு நுளம்பு வரும், கள்ளன் இறங்குவான் எண்டு.

எனக்கு மட்டும் அந்தத் தூணை வெட்ட மனசு ஒப்புதில்ல. சரி, முற்றம் வச்ச வீட்டைப் பெரிய கெட்டிக்காரங்க எப்பிடிச் செஞ்சிருக்காங்க, மழைத் தண்ணி எங்கால போகுது, இதைக் கண்ணால பாத்துட்டு வந்து மாமாக்குப் பதில் சொல்லுறன் எண்டு சொல்லியிரிக்கன். இண்டைக்குப் பின்னேரம் முற்றத்தை அளந்தன். 14 அடிக்கு 11 அடி. தூண் ஏழரை அடி. அளவு டேப்பையும் கொப்பியையும் பேக்கில வச்சிட்டன்.

ரெண்டாம் நாள், ரெயில்

விடியப்பறம் வேனில மட்டக்களப்பு ஸ்டேசன், உதயதேவி. ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை எண்டு காடும் வயலுமா ஓடிச்சி, மன்னம்பிட்டில மகாவலி தாண்டேக்க ஒருக்கா எழும்பி நிண்டு பாத்தன், மாகோவுக்குப் பிறகு நித்திர. கோட்டையில இறங்கி வெள்ளவத்தைக்கு மச்சாள்ட வீட்ட. ஏழாம் மாடி பிளாட். ஜன்னலைத் திறந்தா பக்கத்து பிளாட்ட சுவர், கை நீட்டினா தொடலாம். மச்சாள் பாவம், சோத்தைப் போட்டுட்டு "இதுக்கு மாசம் எவ்வளவு கட்டுறம் தெரியுமாகா" எண்டு கதைச்சிக்கொண்டே இருந்தா.

மூணாம் நாள், 33ஆம் ஒழுங்கை

இண்டைக்குப் பாத்ததை எழுத விடிஞ்சிரும் போல.

ஜெஃப்ரி பாவாட வீடு. ஆர் எண்டு தெரியாத ஆக்களுக்கு: கோட்டே பாராளுமன்றக் கட்டடம் (1982), கந்தளம ஹோட்டல், இதெல்லாம் அவர்ட. 1919ல பிறந்தவர், வாப்பா முஸ்லிம் லோயர், அம்மா பறங்கி. அவரும் முதல்ல லோயர்தான், கட்டடக் கலை படிச்சி முடிக்கேக்க வயசு 38, அது 1957ல. 2003ல மௌத்தானவர். கொள்ளுப்பிட்டில பகத்தலை வீதிப் பக்கம் 33ஆம் ஒழுங்கையில 11ஆம் இலக்க வீட்டில இருந்தவர், இப்ப அவர்ட பேரில இருக்கிற ட்ரஸ்ட் பாத்துக்கொள்ளுது, முன்கூட்டியே சொல்லிட்டுப் போனா சுத்திக் காட்டுறாங்க.

ஒழுங்கைக்குள்ள போகேக்க நம்பவே ஏலாது. ஒடுங்கிய முட்டு ஒழுங்கை. கொழும்பில இப்பிடி ஆயிரம் ஒழுங்கை இருக்கு. அந்த இடத்தில வரிசையா நாலு சின்ன வீடு இருந்திரிக்கு, அவர் 1958ல அதில மூணாவதை எடுத்தார், ஒரு ஆளுக்குக் காணுமான இருப்பறை, படுக்கையறை, சின்னக் குசினி. பிறகு நாலாவது வீடு கிடைச்சிது, சுவரில வாசல் போட்டுச் சேத்தார். பத்து வருசம் போய் மத்த ரெண்டும் கிடைச்சிது. எனக்கு இதுதான் முதல்ல மனசில பட்டது. ஒரே நாளில பிளான் கீறி, காசைக் கொட்டி, முடிச்ச வீடு இல்ல, கிடைக்கக் கிடைக்க ஒட்டி ஒட்டி வளத்த வீடு. எங்கட அம்மாமார் சீட்டுக்காசு விழ விழ அறை கட்டுற மாதிரி. எல்லாத்தையும் இடிக்காம வச்சார் எண்டும் சொல்லமாட்டன், முன்னுக்கு இருந்த வீட்டை எடுத்துட்டு நாலு தட்டில கோபுரம் மாதிரி ஒண்டு எழுப்பியிரிக்கார். மாடி வேணுமெண்டா அதை ஒரு பக்கத்தில எழுப்பலாம், நடுவில இருக்கிற வெளிச்சத்தில கை வைக்கத் தேவையில்ல. மாமாக்குச் சொல்ல முதல் பொயின்ற் கிடைச்சிது.

செருப்பைக் கழட்டிட்டு உள்ளுக்க போறது. வாசலில கராஜ், அதுக்குள்ள 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ரொய்ஸ் கார். கூட வந்த ஆக்கள் எல்லாம் காரில நிண்டிட்டாங்க, நான் அங்கால எட்டிப் பாத்தன்.

நீளமான நடைபாதை. சுவர் வெள்ளை, நிலமும் வெள்ளை. லைட் ஒண்டும் இல்ல. ஆனா அந்த நடைபாதைட கடைசில மேலால திறந்து விட்டு, அதில இருந்து வெயில் நேர கீழ விழுது, கிணத்துக்குள்ள வெயில் விழுற மாதிரி. கீழ சின்னத் தண்ணித் தொட்டி. பக்கத்தில ரெண்டு தூண், செட்டிநாட்டில இருந்து கொண்டுவந்து நட்டது. கூட்டிப் போன புள்ள அதைச் சொல்லேக்க எனக்கு மேல் புல்லரிச்சிட்டு. கடல் கடந்து ஏதோ ஒரு தமிழ் வீட்டு முற்றத்தில நிண்ட தூண், அந்த வீடு இல்லாமப் போன பிறகு, இங்க கொழும்பில ஒரு மனிசன் தேடி எடுத்து வீட்டுட நடு இடத்தில நட்டு வச்சிரிக்கார். நாங்க பன்னெண்டு தூணை வெட்டி விறகுக்குக் குடுக்க நாள் பாத்துக்கொண்டிரிக்கம்.

கொஞ்சம் முன்னால போனா இருட்டு, மறுகா வெளிச்சம், ஒரு சின்ன இருப்பிடம், அங்கால இன்னொரு கிணறு மாதிரி வெளிச்சம், அதுக்குள்ள ஒரு செடி. பெரிய வீடு இல்ல, ஆனா எங்க முடியுது எண்டு தெரியாது, ஏனெண்டா ஒவ்வொரு திருப்பத்திலயும் வெளிச்சம் உன்னை அங்கால கூப்பிடுது. அந்த இருட்டும் வேணுமெண்டுதான் விட்டிரிக்கு எண்டு கொஞ்சம் நிண்டு பாத்தாத்தான் விளங்கும், வெளியால அந்த எரிக்கிற வெயிலில இருந்து வந்த கண்ணுக்கு அந்த அரை இருட்டு மோர் குடிச்ச மாதிரி. ஃபேனும் இல்லாம உள்ளுக்க குளிர்மை, சூட்டுக் காத்து அந்தத் திறந்த வாயால மேல போக கீழால புதுக் காத்து வருது.

சாமான் எண்டு பாத்தா எல்லாம் பழசு. எங்கயோ இடிச்ச வீட்டுக் கதவு, பழைய மேசை, சாய்மனைக் கதிரை. ஆனா நெருக்கி வைக்கல, ஒரு சாமான் வச்சா அதைச் சுத்தி வெறும் வெள்ளைச் சுவரை விட்டிரிக்கார், அதால அந்த ஒரு சாமான் மதிப்பாத் தெரியுது. எங்கட வீட்டு விறாந்தையில பெத்தாட சாய்மனைக் கதிரைக்கு மேல அரிசி மூட்டை, அதுக்கு மேல உடுப்பு.

கூட்டிப் போன புள்ளைட்ட கேட்டன், மழை பெய்ஞ்சா? "மழை உள்ளுக்குத்தான் பெய்யும், பாக்க நல்ல வடிவா இருக்கும்" எண்டு சொல்லிச்சிது. நான் குந்தி இருந்து பாத்தன். முற்றத்து நிலம் நடைபாதையை விடப் பதிஞ்சி இரிக்கு, தண்ணி வந்தாலும் ஏறி அறைக்கு வராது. அளவு டேப்பை வெளிய எடுக்க வெக்கமா இருந்திச்சி, விரலால சாண் போட்டுப் பாத்துக் கொப்பில எழுதினன்.

அவரோட வேலை செஞ்ச ஆக்களில பாபரா சன்சோனி எண்டவ, கைத்தறித் துணிக்குப் பேர்போனவ, 2022ல காலமானா. கலர் எண்டா அவட கலர். பாக்கப் பாக்க எனக்கு மருதமுனைதான் ஞாபகம். எங்கட வீட்டில இருந்து பஸ்ஸில ஏறினா அரை மணித்தியாலம் இல்ல, தறிச் சத்தம் கேக்கிற ஊர், சாரமும் சாறியும் நெய்யிற கை, அதுக்கிட்ட சொன்னா திரைச்சீலைக்கும் கதிரை மெத்தைக்கும் நெய்ஞ்சி தருவாங்க. நாங்க பிளாஸ்டிக் பூப்போட்ட திரை வாங்க கல்முனைக்குப் போறம், மருதமுனையைத் தாண்டித்தான் போறம்.

நாலாம் நாள், லுணுகங்கை

பெந்தோட்டைக்குப் பஸ். அங்க இருந்து ஓட்டோ. பாவா 1948ல வாங்கின பழைய றப்பர்த் தோட்டம், தெத்துவ வாவிக் கரையில. கட்டடக் கலைக்கு வர முதலே வாங்கினவர், இதில வேலை செய்யப் போய்த்தான் கட்டடக் கலை படிக்க ஆசை வந்திரிக்கு, பிறகு சாகும் வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்திரிக்கார். வீட்டு வாசலில இருந்து பாத்தா வாவித் தண்ணி தெரியணும் எண்டு நடுவில நிண்ட குன்றை வெட்டிப் பதிச்சிரிக்கார். ஈழத்தலரி மரம் ஒண்டு, கிளையில பாரம் கட்டித் தொங்கவிட்டு, தனக்கு வேணுமான பக்கம் வளைச்சி எடுத்திரிக்கார். தோட்டம் பெரிய வடிவு, படம் எடுக்க எடுக்க முடியாது, ஆனா நான் வந்தது வேற ஒண்டுக்கு.

ஈனா டி சில்வாட வீடு. பத்திக் துணியில பெரிய பேர் எடுத்தவ, 1922ல பிறந்து 2015ல காலமானா. 1960ல இருந்து 62 வரை பாவா அவக்குக் கொழும்பு அல்பிரட் பிளேஸில கட்டிக் குடுத்த வீடு. அந்தக் காலத்தில கொழும்பில எல்லாரும் வளவுட நடுவில வீட்டை வச்சி, சுத்திவர வெறும் காணியை விட்டு, வெள்ளைக்காரன் பங்களா மாதிரிக் கட்டேக்க, இது வெளிச் சுவரை எல்லையோட எடுத்துட்டு, முற்றத்தை வீட்டுக்கு நடுவில வச்சிட்டு. சிங்கள ஆக்கள் மெத மிதுல எண்டு சொல்லுறது, நாங்க நாற்சார் எண்டு சொல்லுறது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், கண்ணாடியும் இரும்பும் தேடித் திரியாம, செங்கல், சுண்ணாம்புச் சுவர், பீலி ஓடு, மரம், கல் எண்டு கைக்குக் கிட்ட இருந்ததை வச்சே கட்டினது. பிறகு அந்தக் காணி கைமாறி வீடு இல்லாமப் போகப்போகுது எண்ட நிலை வர, 2009ல கழட்டத் தொடங்கி, கல் கல்லா, ஓடு ஓடா லுணுகங்கைக்குக் கொண்டுவந்து திரும்பப் பூட்டியிரிக்காங்க. ஒரு வீட்டை! நினைச்சிப் பாருங்க, எங்கட ஊரில வீட்டை மாத்துறதெண்டா புல்டோசர்.

முற்றத்தில போய் நிண்டன். நிலத்தில கல்லுப் பதிச்சிரிக்கு, மரத்து நிழல் சுவரில ஆடுது. அதைச் சுத்தித் தூண். கிட்டப் போய்த் தொட்டுப் பாத்தன், முதிரை. எங்கட வீட்டில இருக்கிற அதே முதிரை, அதே மஞ்சள் ஓட்டம், அதே வழுவழுப்பு. குனிஞ்சி அடியைப் பாத்தாத் தூண் நிலத்தில நிக்கல. ஒவ்வொண்டுக்கும் கீழ ஒரு கருங்கல் பாதம், மரம் முடியுற இடத்துக்கும் நிலத்துக்கும் நடுவில கல்லு. மழைத் தண்ணி தெறிச்சாலும் கல்லுதான் நனையும், மரத்துக்கு ஈரம் ஏறாது.

அந்த இடத்திலயே குந்திட்டன். எங்கட வீட்டில பன்னெண்டில அஞ்சு தூணுக்கு அடி உக்கிப்போச்சி, அதைக் காட்டித்தான் மாமா வெட்டுவம் எண்டு சொல்லுறது. முதிரை லேசில உக்காது எண்டு ஊரில சின்னப் புள்ளைக்கும் தெரியும், அப்ப எங்கட தூண் ஏன் உக்கிச்சி? ஏன் எங்கட தூண் மட்டும் நேர சீமெந்துக்குள்ள இறங்கி நிக்கிது?

மற்றது கூரை. ஓட்டுக்குக் கீழ நெளிஞ்ச சீமெந்துச் சீட்டை முதல்ல போட்டு, அதுக்கு மேல பீலி ஓட்டை அடுக்குறது பாவா நிறைய இடத்தில செஞ்ச முறை. பாக்கிறதுக்கு ஓட்டு வீடு, ஓடு விலகினாலும் கீழ இருக்கிற சீட் தண்ணியை இறக்கிரும். ஒழுக்குக்குப் பயந்து ஓட்டை விடத் தேவையில்ல. எங்களுக்கு அஸ்பெஸ்ரஸ் வேண்டாம், கீழ போடுறதுக்கு வேற சீட் எவ்வளவோ இப்ப கடையில இருக்கு. கொப்பில படம் கீறினன், ரெண்டு பக்கம்.

ராவைக்கு 48 நம்பர் பஸ்ஸில வீட்ட.

அஞ்சாம் நாள், வீடு

விடியப்பறம் இறங்கினன். முகம் கழுவி, அம்மா தந்த பிளேன்டீயைக் குடிச்சிட்டு, நேர முற்றத்துக்குப் போய் டோச் அடிச்சித் தூணுட அடியைப் பாத்தன். சுத்திவர சீமெந்து. அம்மாட்ட கேட்டன், இந்தச் சீமெந்து எப்ப போட்டது? "சூறாவளிக்குப் பிறகுதான் புள்ள. முற்றம் பள்ளமாக் கிடந்திச்சி, மூடின பிறகு என்னத்துக்குப் பள்ளம் எண்டு உங்கட மூத்தப்பா நிரவி விட்டார்."

பத்து மணிக்கு மேசன் அண்ணன் வந்தார். மாமா அனுப்பின ஆள், பிளேட்டுக்கு அளவெடுக்க. நான் சொன்னன், அண்ணன், அளவெடுக்க முன்ன இந்த ஒரு தூணுக்கு அடியை மட்டும் கொத்திப் பாப்பமா? நல்ல மனிசன், ஒண்டும் கேக்காம உளியை எடுத்தார். ரெண்டு அங்குலம் சீமெந்து, அதுக்குக் கீழ மண்ணும் செங்கல் துண்டும், அதுக்குக் கீழ கறுப்பா ஒண்டு. விரலால மண்ணைத் தட்டிப் பாத்தார். "கல்லுகா தங்கச்சி. நல்ல கருங்கல்." நாலு மூலையும் சீவி, நடுவில தூண் குந்துறதுக்குப் பதிவு வெட்டி வச்ச கல்லு. பெத்தாட அப்பா வச்ச கல்லு. இருக்கிற தூணைக் கல்லோட சேத்து மூடி, மரத்தில ஒரு சாண் உயரத்துக்குச் சீமெந்தால கட்டி, வருசக்கணக்கா ஒழுக்குத் தண்ணியைக் குடிக்க விட்டிரிக்கம். உக்காம என்ன செய்யும்.

மேசன் அண்ணன் தூணைத் தட்டித் தட்டிக் கேட்டார். அடி ஒரு அடி மட்டும்தான் பழுது, அதை அறுத்துட்டுப் புது முதிரைத் துண்டு பொருத்தி ஆணி அடிக்காமக் கூட்டலாம், மேல் பகுதி இரும்பு மாதிரி எண்டு சொன்னார். பன்னெண்டையும் தட்டினார். அஞ்சுக்கு மட்டும்தான் வேலை.

கல்லு இருந்திச்செண்டா தண்ணிக்கும் வழி வச்சிருப்பாங்க எண்டு எனக்குத் தோணிச்சி. அண்ணன் ரசமட்டத்தை வச்சிப் பாத்துட்டு வடகிழக்கு மூலையைக் காட்டினார், குசினிக்குப் பக்கத்து மூலை. அங்க கொத்தினம். அரை மணித்தியாலம் ஒண்டும் இல்ல, செங்கல் துண்டுதான். பிறகு உளி வேற சத்தம் போட்டிச்சி. சுட்ட மண் குழாய், என்ட கை உள்ளுக்க போற அளவு வாய், அடச்சிக் கிடக்கு. மண்ணும் வேரும். கம்பியை விட்டுக் குத்தி இழுத்து, குத்தி இழுத்து, நானும் கையை விட்டு அள்ளினன்.

கிணத்தில இருந்து தண்ணி அள்ளி ஊத்தினன். முதல் வாளி அப்பிடியே நிண்டிச்சி. ரெண்டாவதும் நிண்டிச்சி. மூணாவதுக்குச் சுழிச்சிது, கொஞ்சம் இறங்கிச்சி, நிண்டிச்சி. அண்ணன் கம்பியைத் திரும்ப விட்டு ஒரு தள்ளுத் தள்ள, உள்ளுக்க களக்கெண்டு ஒரு சத்தம். அம்மா எப்ப எழும்பிப் போனா எண்டு நான் காணல, குசினிக்குப் பின்னால வாழையடியில இருந்து அவட குரல் கேக்குது. "புள்ள! வருதுகா, வருது! ஊத்து, இன்னும் ஊத்து!"

பதினாலு வாளி ஊத்தினம். முற்றத்தில ஒரு சொட்டு நிக்கல.

நுளம்புக்கும் கள்ளனுக்கும் மேலால இரும்பு வலை அடிக்கலாம், வெளிச்சம் மறையாது எண்டு அண்ணன் சொன்னார். மாமாட்ட அம்மாவே கதைக்கிறன் எண்டுட்டா. புதன்கிழமை தகரம் கழட்டுறம், நீள ஏணி ஒண்டு வேணும், கோயிலில கேட்டிரிக்கன்.